நடுவில் ஒருவர்

"சார், காளியப்பனப் பத்துன பகுதிய மட்டும் விட்டுடலாங்களா?"

தீபா மறுபடியும் கேட்டாள். ஊதுபத்தித் தொழிற்சாலையில், மேலாளர் அறைக்கு வெளியே உட்காருவதும் எழுவதுமாக இருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க விரிவுரையாளர் சித்தையனுக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

அவருடைய எம்.பி.ஏ. வகுப்பு மாணவி ஒருத்தியின் ஆய்வைக் கேட்க மைசூரில் ஒரு நிர்வாகம் முன்வந்தது இதுதான் முதல் தடவை. கீழே நடப்பது மேலிடத்துக்கு எப்படித் தெரியவருகிறது என்பதுதான் ஆய்வு. தினமும் ஒவ்வொரு பிரிவாக நடந்து, சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டு வந்து மேலாளரிடம் சொல்பவர் காளியப்பன். பிரிவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வைத்துவிட்டால் நடுவில் அவர் தேவையில்லை.

"கண்டுபுடிச்சதே நீதான். இப்ப எதுக்கும்மா பயப்படற?" என்றார் சித்தையன்.

"பயமில்லைங்க சார். அவருக்கு இந்த வேலைய விட்டா வேற ஒண்ணும் தெரியாதுங்க."

"அத நிர்வாகம் பாத்துக்கும். மூஞ்சியப் பாத்துட்டு ஆய்வு எழுத முடியுமா? அத எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு?"

தீபா பதில் சொல்வதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

மேலாளர் மஞ்சுநாத், பெங்களூரிலிருந்து அந்த வாரம்தான் மாற்றலாகி வந்திருந்தார். தீபா கன்னடத்தில் விளக்கினாள். காளியப்பன் பெயர் வந்த இடத்தில் அவள் குரல் உள்ளே போயிற்று. எங்கே விழுங்கிவிடுவாளோ என்று சித்தையன் லேசாக இருமினார். அவள் நிமிர்ந்து, ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

மஞ்சுநாத்துக்குப் பரம திருப்தி. கம்ப்யூட்டருக்கு உடனே ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். காளியப்பனை இப்போதே கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று அழைப்பு மணியில் கை வைத்தவரைத் தீபா தடுத்தாள். அதைத் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள்.

சித்தையனுக்குப் பகீரென்றது. மேலாளர் காதில் விழாதபடி அவள் பக்கம் குனிந்தார்.

"உனக்கெதுக்கும்மா அந்தத் தலைவலி? ஆபீஸ்ல சொல்லிக்குவாங்க."

தீபா காகிதங்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "இல்லைங்க சார், நான்தான் சொல்லணும். இன்னிக்கு எப்படிப் பேசுனே கண்ணுன்னு கேக்கறதுக்கு, சாயந்தரம் வீட்டு வாசல்லயே நின்னுக்கிட்டு இருப்பாரு எங்கப்பா."