மச்சான் மேல ஒரு புகார்

"கையைக் காட்டுங்க ஐயா."

"மாட்டேன்."

"சின்னப் பிள்ளையாட்டம் அடம் பிடிக்காதீங்க!"

"டயாலிசிஸ் பண்றியா, படுத்துக்கறேன். மாத்திரை குடுக்கறியா, முழுங்கறேன். இந்த ஊசி மட்டும் வேண்டாம் தாயி."

நர்ஸ் ரூட்டா தலையில கை வெச்சுக்கிட்டா. வினையை இழுத்துவிட்டதே அவதான். போன வாரம் பேச்சுவாக்குல, "ரத்தம் ஊறறதுக்குப் போடற இந்த ஊசியைத்தான் சைக்கிள் பந்தயக்காரங்க திருட்டுத்தனமா போட்டுக்கிட்டு மாட்டுவாங்க"ன்னு வாயை விட்டுட்டா. கேட்டதும் ஃபெரெட்டி கையை இழுத்துப் போர்வைக்குள்ள வெச்சவர்தான்.

ஃபெரெட்டி சர்ச்சுல டீக்கன். எங்க தீவு கிரிக்கெட்டான கிலிக்கிட்டியில எங்க ஊர் டீமுக்குப் பந்து போடறவரும் அவர்தான். கிட்னி போனப்புறமும் விடல. நின்ன இடத்துலயே நின்னு மெதுவா ஒரு பந்தை விடுவார். எதிரூர் தடியன்கள் ஆசையா மட்டையைச் சுழட்டி, கேட்ச் குடுத்துட்டு அசடு வழியப் போவானுங்க.

அந்தத் தடியன்கள் உடம்பை ஏத்த என்னமோ தின்றானுங்கன்னு போன வருஷம் ஒரு பேச்சு. "மருந்து போட்டவன் களத்துல இறங்கக் கூடாது"ன்னு பந்தயத்தை நடத்தற சர்ச் கமிட்டியில மேஜையைத் தட்டிச் சட்டம் கொண்டு வந்தவர் சாட்சாத் நம்ம ஃபெரெட்டிதான்.

"நான் போட்ட சட்டத்தை நானே மீறினா ஊரு காறித் துப்பாது? சீசன் முடியட்டும். அப்புறம் நீ எத்தனை ஊசி வேணும்னாலும் குத்து."

"அதுவரைக்கும் நீங்க இருக்கணுமே! ஹீமோகுளோபின் ஆறரைக்கு இறங்கியாச்சு. இதுக்கு மேல போனா இதயம் தாங்காது."

"அது என் இதயம். நான் பேசிக்கறேன்."

பக்கத்துல இருந்த அவர் பொண்டாட்டி சாவிலிக்கு அழுறதா அடிக்கறதான்னு தெரியல. அன்னிக்கு டயாலிசிஸ் முடிஞ்சு, அபியா ஆஸ்பத்திரியிலருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கறதுக்குள்ள, அந்தக் கல்லுல கொஞ்சம் இந்த வேலியில கொஞ்சம்னு மனுஷன் உக்காந்து உக்காந்து எழுந்தார். உதடெல்லாம் வெளிறிக் கிடந்தது.

"நீங்க போயிட்டா, ஜெயிச்ச கோப்பையை வெச்சு நான் என்னங்க பண்ணுவேன்?"

"ஏன், கொக்கோ குடி."

சாவிலி நேரா பக்கத்து ஊர்ல இருக்கற தம்பி பெனி வீட்டுக்குப் போய் உக்காந்து அழுதா. பெனிதான் எதிர் டீம் கேப்டன்.

"ஊசி போட்டுக்க மாட்டேங்கறார்டா. பாதிரியார் சொல்லியும் கேக்கல. 'டாக்டர் குடுக்கற மருந்துக்குச் சட்டம் கிடையாது'ன்னு அவரே சொல்லிட்டார். 'அப்ப நாளைக்கு எல்லாரும் டாக்டர் சீட்டோட வருவான்'னு இவர் அவருக்கே பாடம் எடுக்கறார். நீயாவது சொல்லேன்."

பெனி சேப்பங்கிழங்கைத் தேங்காப்பால்ல தொட்டுத் தின்னுக்கிட்டே, "ம்ம்"னான். அவ்வளவுதான். சாவிலி மூக்கைச் சிந்திக்கிட்டு எழுந்து வந்துட்டா.

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு சர்ச் கூடத்துல கமிட்டி கூடுச்சு. ரெண்டு ஊரும் பாய் விரிச்சு உக்காந்திருந்தது. பெனி எழுந்தான்.

"ஒரு புகார். என் மச்சான் ஃபெரெட்டி ரத்தம் ஊற வைக்கற ஊசி போட்டுக்கறார். சட்டப்படி அவரை இந்த சீசன் பூரா விலக்கணும்."



"அடப்பாவி! நான் போட்டுக்கலடா!" ஃபெரெட்டி எழுந்த வேகத்துல தள்ளாடி, தூணைப் பிடிச்சுக்கிட்டார்.

"டயாலிசிஸ் பண்ற அத்தனை பேருக்கும் அந்த ஊசி போடுவாங்க மச்சான். கிட்னி இல்லாதவன் வேண்டாம்னு சொல்லுவானா? பைத்தியக்காரன்தான் சொல்லுவான்."

"நான் சொன்னேன்!"

கூடம் சிரிச்சுது. எங்க ஆளுங்களே நம்பல. உயிர் காக்கற மருந்தை ஒரு ஆட்டத்துக்காக ஒருத்தர் வேண்டாம்னு சொல்லுவார்னா யார் நம்புவா?

கமிட்டியில எல்லாரும் கை தூக்கினாங்க. பாதிரியார் தர்மசங்கடத்தோட தொண்டையைச் செருமிட்டு, "சட்டம் உங்களுதுதானே ஃபெரெட்டி, டாக்டர் சீட்டும் செல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க"ன்னார். விலக்கியாச்சு. நோயாளியை இப்படியா அவமானப்படுத்தறதுன்னு பெனியோட டீம் பசங்களே அவன் முகத்தைப் பார்க்காம எழுந்து போனானுங்க. எனக்கும் பத்திக்கிட்டுத்தான் வந்தது. எங்க பக்கம் அக்கா கண்ணுல தண்ணி வர வெச்ச தம்பிக்குச் சோத்துப் பந்தியில கூட இடம் கிடைக்காது.

வாசல்ல சாவிலி அவனைப் பிடிச்சுக்கிட்டா.

"நீ மனுஷனாடா? அவர் பந்துக்கு மட்டை சுத்தத் தெரியல, அதுக்கு இந்த வழியா? இனி தைரியமா ஜெயிச்சுக்கோ! ஊர் முன்னாடி அவரைத் திருடனாக்கிட்டியே, நல்லா இருப்பியா நீ?"

பெனி தலையைக் குனிஞ்சபடி நின்னான். அக்கா முன்னாடி எதிர்வார்த்தை பேசற வழக்கம் இல்ல. அவ மூச்சு வாங்கற வரைக்கும் காத்திருந்தான்.

"வாயைத் திறடா! ஊசி போட்டுக்க மாட்டேங்கறார்னு உன்கிட்டதானே வந்து அழுதேன்? தெரிஞ்சே எதுக்கு அப்படி ஒரு பொய்?"

"ஆட்டக்காரரா இருந்தாத்தானே அக்கா போட்டுக்கக் கூடாது? இப்பதான் அவரு ஆட்டத்துலயே இல்லையே. நாளைக்குக் காலைல அந்த ஊசியைப் போட்டுக்கச் சொல்லு."