சூளையில் திரும்பிய தலை

"மண்ணுக்கு ஞாபகம் அதிகம். ஒருதரம் முறுக்கிட்டா, அப்புறம் நேராக்கினாலும் சூளையில பழையபடி முறுக்கிக்கும்." பீங்கான் சிற்பம் கற்றுத்தரும் தில்லைநாயகி டீச்சர் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வது இது. ஆனால் மகன் விஷயத்தில் அவருக்கே அது நினைவில் நிற்கவில்லை.

சண்டை போட்டுவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனவன் உயிரோடு வரவில்லை. அவனை மார்பளவுக்கு மண்ணில் செய்தபோது, அன்றைக்குப் போலவே முகத்தைத் தோள்பக்கம் திருப்பி வைத்தார். பார்க்கப் பொறுக்கவில்லை. ஈரம் காய்வதற்குள் கழுத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிவிட்டார்.

சூளையைத் திறந்தபோது தலை மறுபடியும் தோள்பக்கம் போயிருந்தது. வகுப்பில் இருந்தவர்கள் அவரவர் மண்ணைப் பிசையத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் அந்தப் பாடம் தெரியும்.

மாணவி ஜெசிந்தா மட்டும், "இப்படி வெச்சா உங்களைப் பார்ப்பாரு, டீச்சர்" என்று சிலையை மெல்ல நகர்த்தி வைத்தாள். முகம் டீச்சருக்கு நேராக வந்தது. தோள்கள் வாசல் பக்கம் போயின. கிளம்பிவிட்டவன் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது.

டீச்சர் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வரேன்னு சொல்லுடா" என்றார்.