ஐந்து கோடி வயது

1990இல் டென்மார்க்கின் ஸ்கீவ கடலோரத்தில் கல் பொறுக்கிப் பொறுக்கியே தன்னை ஆராய்ச்சியாளராக்கிக்கொண்ட பரமானந்தம் அண்ணை, நூதனசாலைக் கடிதத்தை ஆட்டியபடி வந்தார்.

“அந்தோனி, நான் எடுத்த எலும்பு என்னதெண்டு கண்டுபிடிச்சிட்டாங்கள். கடற்பசு! ஐஞ்சு கோடி வருசத்துக்கு முந்தி டென்மார்க்கிலை நீந்தினதாம். என்ர பெயரைத்தான் அதுக்கு வைக்கப்போறாங்கள்!”

அந்தோனிதாசன் கடிதத்தை எட்டிப் பார்த்தான். “வடிவாப் பாத்தவங்களோ அண்ணை?”

“ரெண்டு பேராசிரியர்மார் மூண்டு கிழமையாப் பாத்தது. உனக்கென்ன தெரியும்? இதிலை சாட்சிக் கையெழுத்துப் போடு. எடுக்கேக்கை நீயும் பக்கத்திலைதானே நிண்டனி.”

“என்னை விடுங்கோ அண்ணை...”

“அப்ப உன்ர மனுசி எமிலியாவின்ர விசாவுக்கு இனி டெனிஷிலை ஆர் கடிதம் எழுதுறது?”

அந்தோனிதாசன் கையெழுத்துப் போட்டான்.

“இனி அது அரசாங்கச் சொத்து. நாட்டை விட்டு அசைக்க ஏலாது,” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அண்ணை போனார்.

அந்தோனிதாசன், மன்னாரிலிருந்து எமிலியா போட்ட கடிதத்தை எடுத்தான். “மூண்டு வருசமாச்சு, விசா இன்னும் வரேல்லை. மூட்டுவலிக்கு உரசிப் பூசச் சொல்லி உங்கட பையிலை வைச்சுவிட்ட கடற்பசு எலும்பு கவனமோ?”

தடைசெய்த சாமான் வீட்டில் அகப்பட்டால் மனுசியின் விசா போய்விடும் என்று யாரோ வெருட்ட, இரண்டு மாதத்துக்கு முன்தான் அதைக் கடலில் வீசியிருந்தான். அண்ணை கல் பொறுக்கும் அதே கடற்கரை.

பேனையை எடுத்துப் பதில் எழுதினான்: “கவனமா இருக்குது. அதுக்கு மூண்டு கிழமையிலை இஞ்சை இருக்கிறதுக்குப் பேப்பர் கிடைச்சிட்டுது.”