தெருமுனை வேகத்தடை

ஐயம்பேட்டையில் தன் தெருமுனை வேகத்தடைக்கு முன்னால் சிட்டிபாபு காரை நிறுத்திவிடுகிறான். நேற்று ஜவ்வாது மலையில் பாறைமேல் பாறையாக ஏறிய கார். சக்கரமெல்லாம் செம்மண் அப்பியிருக்கிறது, கதவில் முள் கீறிய கோடுகள் சாயங்கால வெயிலில் மின்னுகின்றன. அங்கே ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின்சீட்டில் குதித்து, "இன்னும் ஸ்பீடாப் போப்பா" என்று கத்திச் சிரித்தாள் மகள் பெனிட்டா. இன்று காலையில் அருவிப் பாசியில் வழுக்கி விழுந்து செத்துப்போன அவள், இப்போது அதே சீட்டில் அம்மா சலோமியின் மடியில் போர்வைக்குள் கிடக்கிறாள். மலையை விட்டு இறங்கும்வரை, அவள் தலை ஆடக்கூடாதென்று இறங்கி இறங்கி வழியில் கிடந்த கல்லையெல்லாம் ஓரமாகப் போட்டுவிட்டுத்தான் ஓட்டினான். இந்தச் சாண் உயர மேட்டுக்கு முன்னால் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் இருக்கிறான். எந்த ஊருக்குப் போய்த் திரும்பினாலும் தூங்கிக்கொண்டு வருகிற பிள்ளை இந்த மேட்டில்தான் விழித்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, "வூடு வந்துடுச்சாப்பா?" என்று கேட்கும். அவன் வீட்டு வாசலில் பந்தல் போடுகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். சிட்டிபாபு கியரைப் போட்டு, இங்கே மட்டும், வேண்டுமென்றே வேகமாக ஏற்றுகிறான். கார் தூக்கிப் போடுகிறது. பின்னால் சத்தமே இல்லை. சலோமிதான் குனிந்து, போர்வையிடம் சொல்கிறாள்: "வூடு வந்துடுச்சுமா."