வங்கி விழுங்கிய சீதனம்

கில்தோவன் சேமிப்பு வங்கியின் பொருளாளர் மொத்தப் பணத்தோடு கார்க் துறைமுகத்தில் அமெரிக்கக் கப்பல் ஏறிவிட்டார் என்று தெரிந்ததும், ஊரே வங்கி வாசலில் கூடி அழுதது. அதில் கான் ஹார்ட்னெட்டின் குரல்தான் ஓங்கி ஒலித்தது.

"ஐயோ, என் பொண்ணு ஹனோராவோட சீதனம்! எண்பது பவுண்டு! நாளைக்குப் பாதிரியார் முன்னால மேசையில எதை எண்ணி வைப்பேன்?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாப்பிள்ளை டெனிஸின் அப்பா ஜெர்மயா வந்தார். கல்யாணம் நின்றது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

"எழுந்திருங்க சம்பந்தி. பசங்களுக்கு நிலம் வாங்க நான் வெச்சிருந்த நூறு பவுண்டும் உள்ளதான் இருந்துச்சு. அந்தப் பாவி ஓடினதுக்கு நீங்க என்ன செய்வீங்க? மேசையில யாரும் எதுவும் வைக்க வேண்டாம். கல்யாணம் நடக்கட்டும்."

"நீங்க மனுஷனே இல்ல சம்பந்தி, தெய்வம்!"

இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். பாதிரியாரே மூக்கைச் சிந்தினார்.

வீட்டுக்கு வந்ததும் கானின் மனைவி அபி கதவைச் சாத்தினாள்.

"ஏங்க, நமக்கு ஏது எண்பது பவுண்டு? அந்த வங்கிக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்னுகூட உங்களுக்குத் தெரியாதே!"

"ஏதுன்னுதான் நானும் ஆறு மாசமாத் தூங்காமக் கெடந்தேன். அந்தப் பொருளாளர் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்" என்றார் கான். உடனே அவர் முகம் வாடியது. "பாவம், சம்பந்தியைத்தான் ஏமாத்திட்டேன். நூறு பவுண்டைப் பறிகொடுத்த மனுஷன்..."

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த ஹனோரா நிமிராமலே சொன்னாள்.

"ரொம்ப உருகாதீங்கப்பா. மாமாவுக்கும் அந்த வங்கியில கணக்கே கிடையாதாம். டெனிஸ் போன வருஷமே என்கிட்டச் சொல்லிட்டார்."