பௌர்ணமியில் பிறந்தவள்

மாரீஸ்வரி பிறந்தது அமாவாசையன்று. அதைப் பௌர்ணமி என்று ஜாதகத்தில் மாற்றி எழுதச் சொன்னது அவளைப் பெற்ற பரிபூரணம்தான். வந்த இரண்டு வரன்களும் திதியைக் கேட்டதும் திரும்பிப் போயிருந்தார்கள். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறியோடு பதினெட்டு வருஷம் நின்று வளர்த்த பிள்ளை. மூன்றாவது வரனையும் விட மனசு வரவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சம்பந்தியம்மாள் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தாள்: "எம் மருமக பௌர்ணமியில பொறந்தவளாக்கும். சந்திரன் முழு பலத்தோட நிக்கான். பெத்தவளுக்கும் யோகம், எங்களுக்கும் யோகம்."

ஆடி அமாவாசையன்று பரிபூரணம் மகளைப் பார்க்கப் போனாள். இருவரும் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது பொழுது அடைந்து, கரண்டும் போனது. வானத்தில் நிலா இல்லை. தெருவே இருண்டு கிடந்தது. மாரீஸ்வரியைச் சுற்றி மட்டும் தரை நிலா வெளிச்சம் விழுந்ததுபோல் வெளுத்திருந்தது. அவள் நிழல் மேற்குச் சுவர்வரை நீண்டு விழுந்திருந்தது. பரிபூரணம் தன் காலடியைப் பார்த்தாள். அங்கே அந்த வெளிச்சமும் இல்லை, நிழலும் இல்லை.

"ஏட்டி, எம்புட்டு நாளா இது?"

"கல்யாணத்துல இருந்து. அமாவாசைக்கு அமாவாசை வருதும்மா. அத்தை இதைப் பார்த்துத்தான் கையெடுத்துக் கும்பிடுதாவ. நான் என்னத்தச் சொல்ல?"

சம்பந்தியம்மாள் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். "மதினி, எங்க நிக்கீய? இப்படி ஒருத்தியப் பெத்த உங்க காலத் தொட்டுக் கும்பிடணும்" என்று குனிந்தாள்.

இருட்டுக்குள் அந்தக் கைகள் தரையைத் தடவிக்கொண்டு வந்தன. பரிபூரணம் ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்து, மகளின் நிழலுக்குள் போய் நின்றுகொண்டாள்.