வீட்டுக்குள் தண்டவாளம்

ஆற்றங்கரைக் கிடங்குகளுக்கு நெல் மூட்டை ஏற்றிய வண்டிகளும், பிறகு மில்லுக்குப் போகும் ஆட்களை ஏற்றிய வண்டிகளும் ஓடிய ரயில் பாதை அது. ஆற்றின் மேல் புது ரயில் பாலம் வந்ததும் இந்தப் பாதையில் ஓட்டம் நின்றது. பாதையின் மேல் எஸ்தரின் வீடு எழும்பியது. வெகுநாள் கழித்துத் தண்டவாளத்தைப் பெயர்க்க வந்தவர்கள் அவள் வீட்டுச் சுவர் வரைக்கும் பெயர்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கத்திலிருந்து தொடர்ந்தார்கள். வாசலிலிருந்து கொல்லை வரை, சிமென்ட் தரையில் புதைந்தபடி, இரண்டு தண்டவாளங்கள் மட்டும் வீட்டுக்குள் தங்கிவிட்டன.

ஒருநாள் காலை, அவற்றில் ஒன்றின் மேல் வைத்த சொம்பில் தண்ணீர் நடுங்கியது.

“பாலத்து மேல வண்டி போவுது,” என்றான் அவள் கணவன் பாக்கியநாதன்.

“பாலத்துல வேலை நடக்குதுங்க. இன்னிக்கு வண்டியே கிடையாது.”

அவன் சிரித்துக்கொண்டே குனிந்து தண்டவாளத்தில் காதை வைத்தான். சிரிப்பு நின்றது. எழுந்து, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் தூங்கிய பிள்ளையைப் பாயோடு சுவரோரம் இழுத்துவிட்டான். வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் விரியத் திறந்து, சாத்திக்கொள்ளாதபடி கல்லை வைத்தான்.

“சரக்கு வண்டியா, பாசஞ்சரா?” என்று கேட்டாள் எஸ்தர்.

“ஆளுங்க பேசுற சத்தம் கேக்குது.”

அவள் அவசரமாகத் தலையை வாரிக்கொண்டாள். “நம்ம வீட்ல நிக்குமா?”